நாயகன் வேண்டுமாம், நாயகன்!

நம் தோட்டத்து நண்பர் சிலர் மாலை வேளைகளில் ஆபீஸ் தாழ்வாரத்தில் கூடிப் பேசுவதுண்டு. சம்பளம், செம்பனைக் குலையின் விலை, பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு ஆகியவற்றைப் பேசி முடித்தபின் பேச்சு எப்படியும் சினிமாவில் வந்து நிற்கும். அண்மையில் அவ்வாறு நின்றபோது ஓர் அன்பர், "குணசித்திர நடிகன் என்பவன் யார்? நாயகனுக்குக் குடை பிடிக்கப் பிறந்தவன். நாயகனாகத் தக்க முகமும் மேனியும் வாய்க்காதவன் வேறென்ன செய்வான்?" என்று கூறினார். கூடியிருந்தோர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. அவ்வன்பர் நல்லவரே, ஆயினும் அவர் கூற்று நல்லதன்று. அஃது ஒருவர் வாய்ச்சொல்லாக மட்டும் இருந்திருப்பின் விட்டுவிடலாம். தோட்டத்திலும் பட்டணத்திலும் நம்மவருட் பெரும்பாலோர் உள்ளத்தில் குடிகொண்டுள்ள எண்ணம் அது. ஆகவே மறுத்தெழுத வேண்டியதாயிற்று.

மறுப்பதற்கு நம்மவர் போற்றும் நடிகர் எவரையும் சாட்சிக்கு அழைக்கப் போவதில்லை. அழைத்தால், இவர் கட்சி அவர் கட்சி என்று கூச்சல் எழுந்து, வழக்கே கெட்டுவிடும். நம்மிற் பலர் பெயரும் கேட்டிராத ஒருவரை அழைக்கிறோம். அவர் யோசெப் குரோனர் என்னும் ஸ்லோவாக்கிய நடிகர். 1924ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் ஸ்டாஷ்கோவ் என்னும் சிற்றூரிற் பிறந்து, 1998ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் பிராட்டிஸ்லாவா நகரில் மறைந்தவர்.

அவர் நாடு எத்தகையது என்பதை முதற்கண் சொல்லிவிடுவோம். ஐரோப்பாவின் நடுவே, கடற்கரை ஓர் அடியும் இல்லாத மலைநாடு ஸ்லோவாக்கியா. மக்கள் தொகை சுமார் 54 இலட்சம். பல நூற்றாண்டுகள் ஹங்கேரிய அரசின்கீழ்க் கிடந்து, 1918இல் செக் மக்களோடு சேர்ந்து செக்கோஸ்லோவாக்கியா என்னும் ஒரு நாடாகி, 1993இல் தனி நாடாயிற்று. இடையே 1939 முதல் 1945 வரை ஹிட்லரின் நிழலில் ஒரு தனியரசு அங்கே நடந்தது. அதன் தலைவர் யோசெப் திசோ என்னும் கத்தோலிக்கப் பாதிரியார். அவ்வரசு யூதரின் கடைகளையும் தொழில்களையும் சட்டம் போட்டுப் பறித்து, 'ஆரியர்' என்று தான் முத்திரையிட்டவர் கையில் கொடுத்தது. பின்னர் 1942 மார்ச்சு முதல் அக்டோபர் வரை சுமார் 58,000 யூதரை ரயிலேற்றி ஜெர்மானியரிடம் ஒப்புவித்தது. ஒப்புவித்ததுமன்றி, ஆள் ஒன்றுக்கு 500 மார்க்கு வீதம் ஜெர்மனிக்குப் பணமும் செலுத்த உடன்பட்டது. கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இந்த 500 என்னும் எண் தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது. எவனோ ஒரு குமாஸ்தா அதைப் பெருக்கிக் கூட்டி, கோடிட்டு, கையெழுத்திட்டிருப்பான் அல்லவா?

குரோனர் இக்காலத்தில் பதினெட்டு வயதினர். பின்னாளில் நாடக மேடையேறி, மார்ட்டின் என்னும் சிறு நகரத்து அரங்கில் தொழில் பழகி, 1956இல் பிராட்டிஸ்லாவாவிலுள்ள ஸ்லோவாக் தேசிய நாடக அரங்கிற் சேர்ந்தார். அவர் தம்பி லுதோவித் குரோனரும் நடிகர், மனைவியாரும் நடிகை, மகள் சுசானா குரோனரோவா இன்றும் அந்நாட்டில் பேர்பெற்ற நடிகை. மேடை வேலை ஒழிந்த நேரத்தில் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரையில் அமர்ந்திருப்பது இவர் வழக்கம். மீன்பிடித்தலைப் பற்றி நூலும் எழுதியிருக்கிறார். முகமோ நம் அன்பர் கேட்கும் நாயக முகமன்று. சந்தையிலும் பஸ் நிலையத்திலும் நம்மைத் தாண்டிச் செல்லும் நூறு முகங்களுள் ஒன்று. அந்த முகத்தைக் கொண்டு அவர் செய்தது யாது என்பதே இவ்வழக்கின் உயிர்நாடி.

1965இல் யான் காடார், எல்மார் க்ளோஸ் என்னும் இருவர் சேர்ந்து 'ஒப்ஹோத் நா கோர்ஸே' என்னும் படத்தை வெளியிட்டனர். 'கடைத்தெருவில் ஒரு கடை' என்று நம் மொழியிற் சொல்லலாம். கதையை எழுதியவர் ஹுமென்னே என்னும் ஊரிற் பிறந்த லதிஸ்லாவ் கிரோஸ்மன். காடாரின் பெற்றோரும் சகோதரியும் ஔஷ்விட்ஸ் கொலைக்களத்தில் மாண்டவர்கள். அத்தகைய ஒருவர் படமெடுத்தால், கொடியவரைப் பூண்டோடு அழிக்கும் மாவீரன் ஒருவனை நடுவில் நிறுத்தியிருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர் நிறுத்தியது யாரை? தோனோ பிர்ட்கோ என்னும் ஒரு தச்சனை. வேலை இல்லாமல், மனைவியின் ஏச்சுக்கு ஆளாகி, நாயொன்றைத் துணைக்கொண்டு திரியும் ஏழையை. அந்தத் தச்சன் குரோனர்.

காலம் 1942. பிர்ட்கோவின் சகலன் ஊரில் அதிகாரம் பெற்றவன். ஒரு நாள் இரவு அவன் மதுவும் தின்பண்டமும் கொண்டு வந்து, ஒரு காகிதத்தையும் நீட்டுகிறான். கடைத்தெருவில் லவுட்மன் அம்மையார் என்னும் யூத மூதாட்டி வைத்திருக்கும் பொத்தான் கடைக்குப் பிர்ட்கோவே இனி 'ஆரிய மேற்பார்வையாளன்' என்பது காகிதத்தின் வாசகம். மனைவிக்குத் தலைகால் தெரியாத மகிழ்ச்சி. மறுநாள் கடைக்குப் போய்ப் பார்த்தால், மூதாட்டிக்குக் காது கேட்கவில்லை. சட்டமும் விளங்கவில்லை, நாட்டில் நடப்பதும் தெரியவில்லை. வேலை தேடி வந்த உதவியாள் என்றே இவனை நினைத்துக் கொள்கிறாள். கடையிலோ சரக்கே இல்லை. பெட்டிகள் வெறும் பெட்டிகள். ஊர் யூதர் தம்முள் பணம் திரட்டிக் கொடுத்து வந்ததால் அவள் பிழைத்து வந்தாள். அவர்கள் பிர்ட்கோவுக்கும் மாதச் சம்பளம் தருவதாகச் சொல்கிறார்கள். அவன் அவளைத் துன்புறுத்தாதிருக்க வேண்டும், அவ்வளவே. அவனும் ஒப்புகிறான். வீட்டில் முதலாளி வேடம். கடையில் உதவியாள் வேடம்.

நாள் செல்லச் செல்ல அவன் அவளுடைய மேசை நாற்காலிகளைச் செப்பனிட்டுத் தருகிறான். அவளோ இறந்துபோன தன் கணவனின் உடுப்பை எடுத்து அவனுக்குத் தருகிறாள். இவ்வாறு வளர்ந்த உறவு, ஊர்ச் சதுக்கத்தில் யூதரைக் கூட்டிப் பெயர் பெயராக அழைக்கும் நாளன்று சோதனைக்கு வருகிறது. கடையின் கண்ணாடிக்கு அப்பால் சதுக்கம். இப்பால் பிர்ட்கோவும் மூதாட்டியும். அவளை ஒளித்து வைப்பதா, தள்ளி வெளியேற்றுவதா? ஒளித்தால் தன் உயிர்க்கு ஆபத்து. வெளியேற்றினால், எது என்று அவனுக்கே தெரியும். குடிக்கிறான். கெஞ்சுகிறான். அதட்டுகிறான். "போ" என்கிறான், அடுத்த நொடி "போகாதே" என்கிறான். இறுதியில் அச்சத்தின் உச்சியில் அவளை ஓர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறான். சதுக்கம் வெறுமையானபின் கதவைத் திறக்கிறான். அவள் இறந்து கிடக்கிறாள். அவனும் தூக்கிட்டு மாள்கிறான்.

இதில் வீரம் எங்கே என்று நம் அன்பர் கேட்பார். வீரம் இல்லை, இல்லாமையே பொருள். அந்தக் கடைசிக் காட்சிகளில் குரோனர் செய்வதை ஊன்றி நோக்குக. கண்ணை உருட்டவில்லை, மார்பைத் தட்டவில்லை, நீண்ட வசனம் பேசி நீதியை நிலைநாட்டவில்லை. அவர் கை ஒரு முறை கதவை நோக்கி நீள்கிறது. ஒரு முறை பின்வாங்குகிறது. அவர் முகத்தில் இரக்கமும் தன்னலமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மாறி மாறி வருகின்றன. 'இவன் கெட்டவன்' என்று நாம் முடிவு கட்டும் முன்னர், 'இவன் நம் அண்டை வீட்டுக்காரன்' என்று உள்ளம் சொல்கிறது. சற்றுப் பொறுத்து, 'அண்டை வீட்டுக்காரனும் அல்லன்' என்று அதே உள்ளம் நம்மைச் சுடுகிறது.

இதனை எந்த நாயகனால் செய்ய முடியும்? நாயகன் திரையில் ஒருவனாக நின்று நூறு பேரை வீழ்த்தும்போது, இருட்டில் அமர்ந்திருக்கும் நாம் அவனோடு சேர்ந்து வீழ்த்துகிறோம். படம் முடிந்து வெளியே வந்ததும் நம் கடமை முடிந்தது போன்ற ஒரு திருப்தி. அநீதியை எதிர்க்க அவன் இருக்கிறான். நாம் டிக்கட் வாங்கினாற் போதும். வாழ்க்கையில் நாம் செய்யாத வேலையைத் திரையில் அவன் செய்து முடித்துவிடுகிறான். பிர்ட்கோவோ நம் கடன் எதையும் தீர்க்கவில்லை. அதைத் தூக்கி நம் மடியிலேயே போட்டுவிட்டுப் போகிறான். எந்த வேடம் பெரிது என்பதை வாசகர் தாமே தீர்மானிக்கட்டும்.

நம் அன்பரின் அடுத்த தடையும் நாம் அறிந்ததே. "பகைவனோடு கூடிப் பிழைத்தவனுக்காக அழச் சொல்கிறீரா?" என்பார். இது வலுவான தடை; எளிதில் தள்ளத்தக்கதன்று. அழச் சொல்லவில்லை என்பதே நம் விடை. அவனை அறியச் சொல்கிறோம். 58,000 பேரை ரயிலேற்றுவதற்கு ஓர் அரசுக்கு 58,000 அரக்கர் தேவைப்படவில்லை. காகிதத்தை வாங்கிக்கொள்ள ஒரு தச்சன், பட்டியல் எழுத ஒரு குமாஸ்தா, கதவருகே நின்று வாய்மூடிப் பார்க்க ஓர் ஊர், இவை போதுமாயிருந்தன. அரக்கனைக் காட்டும் படம் 'நாம் அரக்கர் அல்லேம்' என்னும் ஆறுதலை நமக்குத் தருகிறது. தச்சனைக் காட்டும் படம் அந்த ஆறுதலைப் பறிக்கிறது. படத்தின் முடிவில், இறந்த இருவரும் நல்லுடை அணிந்து, வெயிலொளியில் பாண்டு வாத்தியத்திற்கு நடனமாடி வருவதுபோல் ஒரு கனவு வருகிறது. அது பிர்ட்கோவுக்குக் கிடைத்த மன்னிப்பு என்று சிலர் கொள்வர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. நடந்திருக்கக்கூடியது, ஆனால் நடவாமற் போனது இன்னது என்று காட்டும் கணக்கே அது.

உலகம் இப்படத்தை எங்ஙனம் ஏற்றது என்பதையும் கேளுங்கள். 1965இல் கான் விழாவில் குரோனரின் நடிப்பும், மூதாட்டியாக நடித்த இடா காமின்ஸ்காவின் நடிப்பும் தனிச் சிறப்புக் குறிப்புப் பெற்றன. 1966இல் அயல்மொழிப் படத்திற்குரிய ஆஸ்கார் பரிசு இப்படத்திற்குக் கிடைத்தது. செக்கோஸ்லோவாக்கியப் படமொன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. காமின்ஸ்கா அம்மையார் போலந்தின் யூத நாடக மேடையைத் தாங்கி நின்ற பெரியார். சிறந்த நடிகைக்குரிய ஆஸ்கார் போட்டியிலும் அவர் பெயர் சேர்ந்தது. அத்தகைய அம்மையாரே 1968இல் போலந்தில் எழுந்த யூத வெறுப்பினால் அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது என்றால், படம் சொன்ன செய்தி பழங்கதையன்று என்பது விளங்கும். காடாரும் 1968இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுள் புகுந்தபின் அமெரிக்கா சென்று, அங்கேயே 1979இல் மறைந்தார். குரோனர் தம் மண்ணில் நின்றார்.

நின்று என்ன செய்தார்? பரிசு பெற்ற முகத்தை விலைபேசி நாயகனாகி உலவினாரா? 1976இல் திரைக்கு வந்த 'பாஹோ' என்னும் படத்தைப் பாருங்கள். மார்ட்டின் தியாபாக் இயக்கியது. ஸ்லோவாக்கியருக்கு யானோஷிக் என்னும் வழிப்பறி வீரன் குலதெய்வம் போன்றவன். 1713இல் தூக்கிலிடப்பட்ட அவன், செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான் என்று நாட்டுப்பாடல் பாடும். 1921 முதலே அவனைப் பற்றிப் படமெடுத்து வந்தார்கள். அந்த வீரக் கதையை நையாண்டி செய்து எழுந்ததே 'பாஹோ'. தலைமை வேடம் குரோனருக்கு. வீரத் தோற்றம் சிறிதும் இல்லாத ஒருவன் கொள்ளைக் கூட்டத் தலைவனானால் என்ன ஆகும் என்பதே வேடிக்கை. தம் குலவீரனையே கேலி செய்யக் கண்டு அம்மக்கள் கல்லெறியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார்கள். இன்றளவும் விரும்பிப் பார்க்கிறார்கள். வீரனை நேசிக்கவும் தெரிந்து, அவனைப் பார்த்துச் சிரிக்கவும் தெரிந்த மக்கள் அவர்கள். இரண்டாவதை நாம் எப்போது கற்கப்போகிறோம்?

1982இல் ஹங்கேரிய இயக்குநர் காரொய் மாக் எடுத்த படமொன்றில், 1956 புரட்சி நசுக்கப்பட்ட பின்னர் உண்மைக்கும் மேலிடத்துக்கும் இடையே அகப்பட்டுத் தவிக்கும் பத்திரிகாசிரியர் வேடம் ஏற்றார். அடுத்த ஆண்டு, 1983இல், யுராய் யாக்குபிஸ்கோ இயக்கிய 'ஆயிரமாண்டுத் தேனீ' என்னும் பெரும்படத்தில் மார்ட்டின் பிஹாந்தா என்னும் கொத்தனாராக, ஒரு குடும்பத்தின் மூத்தவராக, தேனீ வளர்ப்பவராக வந்தார். பேட்டர் யாரோஷ் எழுதிய நாவலே அதற்கு மூலம். தச்சன், கொள்ளைக்காரனாகிவிட்ட கோமாளி, பத்திரிகாசிரியர், கொத்தனார்: இவற்றுள் எந்த வேடத்திலும் அரசகுமாரன் இல்லை. ஆயினும் ஒரு சிறு நாட்டு மக்களின் வாழ்வு முழுதும் இந்த ஒரு முகத்தில் எழுதப்பட்டுவிட்டது. குடை பிடிப்பவன் செய்யும் வேலையா இது?

இனி நம் சொந்தக் கணக்கிற்கு வருவோம். நம்மைப் பற்றிச் சொல்லாமல் பிறரைக் கண்டிப்பது நேர்மையன்று.

நாம் தோட்டக் கிராணி. முன்னாளில் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்றவன் நம் இனத்தான். இந்நாளில் கம்பெனிக்கும் அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் இடையே நிற்கிறான். முன்பு நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், தொழிலாளரின் கடப்பிதழ்கள் யாவும் ஆபீஸ் இரும்புப் பெட்டியில் இருந்தன; சாவி நம்மிடம் இருந்தது. பிறர் கடப்பிதழைத் தக்க அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்பதும் நமக்குத் தெரியும். ஆங்கிலப் பள்ளியிற் படித்த நமக்குச் சட்டத்தை வாசிக்க வராதா? வங்காளதேசத்து இளைஞன் ஒருவன் மூன்று முறை வந்து நின்றான். தாய்க்கு உடல்நலமில்லை, ஊர் போக வேண்டும் என்றான். "மானேஜரைக் கேள்" என்றோம். மானேஜர் "பார்க்கலாம்" என்றார். பெட்டி திறந்தபோது, அவன் போய்க் காண்பதற்குத் தாய் உயிரோடில்லை.

அன்றிரவு நமக்கு நாமே சொல்லிக்கொண்டது இது: "சாவி நம்முடையது, உத்தரவு நம்முடையதன்று." நன்றாக உறங்கினோம். சில ஆண்டுகள் கழித்து ஓர் இரவு, கைபேசியின் சிறு திரையில், ஆங்கில எழுத்துகளை வாசித்துக்கொண்டே பிர்ட்கோவின் கதையைக் கண்டோம். அவன் கை கதவை நோக்கி நீண்டு பின்வாங்கியபோது, அந்தக் கையில் இரும்புப் பெட்டியின் சாவி இருப்பதாகவே நமக்குத் தோன்றியது. அன்றிரவு உறங்கவில்லை.

நம் பாட்டன்மார் காலத்தையும் எண்ணிப் பார்க்கிறோம். ஸ்லோவாக்கியாவில் ரயில் ஓடிய அதே காலத்தில், ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். திரும்பாதோர் மிகப் பலர். தோட்டத்திற்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டபோது, பெரட்டுக் களத்தில் பெயர் வாசித்த குரல் எவருடையது? வீரரைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். அந்தக் குரலைப் பற்றிப் பேசும் துணிவு நமக்கு இன்னும் வரவில்லை. அதனை நடித்துக் காட்ட நாயகனால் ஆகாது. ஒரு குரோனர் வேண்டும்.

ஆகவே, நண்பர்காள், நாம் கேட்பது சிறிது. அடுத்த முறை திரைமுன் அமரும்போது, நாயகன் வரும்வரை பேசிக்கொண்டிராமல், கடைக்காரனாக, கணக்கனாக, வாயிற்காவலனாக வருபவனை ஒரு நிமிடம் உற்று நோக்குங்கள். அவன் பொய்யாக நடித்தால் கண்டியுங்கள். மெய்யாக நடித்தால் அவன் பெயரைக் கேட்டறிந்து சொல்லுங்கள். படமெடுப்போர் நம் கைதட்டலைக் கணக்கெடுப்பவர்கள். நாம் எதற்குத் தட்டுகிறோமோ அதையே நமக்கு மீண்டும் விற்பார்கள்.

நம் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர். இப்போதுள்ள தோட்டத்திலும் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அவரவர் கடப்பிதழை அவரவர் கையில் கையொப்பம் பெற்றுக் கொடுத்துவிட வேண்டும் என்று மானேஜருக்கு எழுத்தில் விண்ணப்பித்தோம். மறுமொழி வரவில்லை. இரண்டாம் முறையும் எழுதினோம். அதற்கும் வரவில்லை. வருகிற சம்பள நாளன்று மூன்றாம் கடிதத்தை நாமே கையிற் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம். சாவி நம் சட்டைப் பையில் இருக்கிறது.